படுக்கை விரிக்கத் தெரிந்த பரோட்டா மாஸ்டர்

"படுக்கை விரிக்கத் தெரியாதவன் இனிமே ஓசூர்ல பரோட்டா போட முடியாதாம்."

கை கழுவும் இடத்தில் யாரோ யாரிடமோ இதைச் சொல்லிவிட்டு, வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த ரத்தினவேல் சிரித்தார். தான் சிரித்ததோடு நிற்காமல் சப்ளையர் சந்தோஷைக் கூப்பிட்டு அவனிடமும் சொன்னார். அவனும் சிரித்தான். சிரிப்பதற்குச் சான்றிதழ் கேட்கும் காலம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

பாகலூர் ரோட்டிலிருந்து தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது ரத்தினவேலின் கடை. பலகையில் 'ஹோட்டல் பொருநை' என்று தன் ஊர் ஆற்றின் பெயர் எழுதியிருக்கும். திருநெல்வேலிப் பக்கமிருந்து கியர் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர் அவர். வேலை பிடித்தது, ஊர் பிடித்தது, குளிர்கூடப் பிடித்துவிட்டது. பரோட்டா மட்டும் கிடைக்கவில்லை. அந்த ஒரு குறையைப் போக்க வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டார். ஆனால் அவர் கடையில் பரோட்டா போடுகிறவர் திருநெல்வேலிக்காரர் இல்லை. பாகலூரைச் சேர்ந்த திம்மராயன். வீட்டில் தெலுங்கும், தெருவில் கன்னடமும், பரோட்டாக் கல்லின் முன்னால் தமிழும் பேசுகிறவர். அவர் மாவை எடுத்து வீசினால், மேசையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவர் இல்லாத நாளில் கடைக்குக் கூட்டமும் இல்லை.

திம்மராயன் பரோட்டா சாப்பிடுவதில்லை. "நமக்கு வயித்துக்கு ஆவாதுங்ணா" என்பார். மதியம் எதிர்ச்சாரிக்குப் போய் 'ஹோட்டல் நஞ்சம்மா'வில் களி சாப்பிட்டுவிட்டு வருவார். இது ரத்தினவேலுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அந்த நேரம் பார்த்துக் குனிந்து சில்லறையை அடுக்குவார்.

நஞ்சம்மாவோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கடை போட்ட புதிதில், அக்கம்பக்கத்து மரியாதைக்கு அவர் அங்கே போய்க் களி சாப்பிட்டார். சாப்பிட்டார் என்பதைவிட மென்றார் என்பதுதான் சரி. கேழ்வரகுக் களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று திருநெல்வேலியில் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாயெல்லாம் அப்பிக்கொண்டு, பல்லுக்கு நடுவில் நாக்கைச் சுழற்றியபடியே, "ரோட்டுக் குழிய அடைக்க நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நஞ்சம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "களிய மெல்ற ஆளுக்கு ருசி என்னாத்துக்கு? உன் பரோட்டாவ லாரிக்கு டயரா மாட்டலாம், போய்யா" என்றாள். அன்றிலிருந்து ரோடு அகலமாகிவிட்டது. நெடுஞ்சாலைக்காரர்கள் அதைப் பிறகுதான் அகலப்படுத்தினார்கள்.

போன வருஷம் டாக்டர், "சர்க்கரை ஏறிக் கிடக்கு. ஒரு வேளையாவது களி சாப்பிடுங்க" என்றார். ரத்தினவேல் கேழ்வரகு மாவு வாங்கிக்கொண்டு போய் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் கிண்டியதை வைத்துக் கல்யாணப் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் களியைப் பற்றிப் பேசவில்லை. மதியத்தில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் மூக்கை ஒரு தடவை தேய்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில்தான் சுற்றறிக்கை வந்தது.

'விருந்தோம்பல் துறையின் அடித்தட்டுப் பணியாளர்தம் திறன்களை உலகத் தரத்திற்கு உயர்த்தும் உயரிய நோக்கோடு, ஹோட்டல் என்னும் பெயர் தாங்கி இயங்கும் அனைத்துச் சிறு நிறுவனங்களின் பணியாளர்களும் பயிற்சி பெற்றுச் சான்று அடைதல் வேண்டும். அடையத் தவறும் நிறுவனங்கள் மாத இறுதிக்குப் பின் இயங்குவது, இயங்காமை எனக் கருதப்படும்.'

கீழே, விருந்தோம்பல் திறன் உயர்வு முனையம் என்று போட்டு, ஒரு முத்திரையும், கும்பிடுகிற இரண்டு கைகளும் இருந்தன.

மறுநாளே முனையத்திலிருந்து மோகனப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். முகத்தில் ராத்திரி நல்ல தூக்கம் இல்லாத களைப்பு.

"வணக்கம் சார். உங்க ஹோட்டல்ல எத்தனை அறை?"

"அறையே கெடையாதும்மா. இந்த ஹாலு. பின்னால அடுப்படி."

"அப்போ விருந்தினர்கள் எங்க தங்குறாங்க?"

"தங்க மாட்டாங்க. தின்னுட்டுப் போயிருவாங்க. தங்கினா அடுத்து வாரவனுக்கு எடம் எங்க இருக்கு?"

மோகனப்ரியா டேப்லெட்டில் தட்டினாள். 'விருந்தினர் வெளியேறும் விகிதம்: கவலைக்குரியது' என்று எழுதுவதை ரத்தினவேல் தலைகீழாகப் படித்தார்.

"இந்தாம்மா, இது சாப்பாட்டுக் கடை. ஊர்ல எல்லாரும் ஹோட்டல்னுதான் சொல்லுதாங்க, நானும் அப்படியே போட்டுட்டேன். எங்க ஆளுகளுக்குப் பயிற்சி கொடுக்கணும்னா பரோட்டாவுக்குக் கொடுங்க, சால்னாவுக்குக் கொடுங்க. சந்தோஷமா அனுப்புதேன்."

"அது உணவு தயாரிப்புப் பிரிவு சார். இந்த மாவட்டத்துக்கு அந்த இலக்கு முடிஞ்சிருச்சு. இப்போ அறை பராமரிப்பு மட்டும்தான் பாக்கி."

"முடிஞ்சிருச்சா? இந்த ரோட்டுல யாருக்கும் கொடுத்த மாதிரி தெரியலையே."

"கிருஷ்ணகிரியில லாட்ஜுல வேலை செய்றவங்களுக்குக் கொடுத்துட்டோம் சார். நல்ல ரிசல்ட். இப்போ எல்லாரும் தோசை அருமையா ஊத்துறாங்க."

ரத்தினவேல் எட்டித் தன் கடைப் பலகையைப் பார்த்தார். பிறகு, "போர்டுல ஹோட்டல்னு இருக்கதை அழிச்சிட்டு உணவகம்னு எழுதிரட்டுமா?" என்றார்.

"எழுதலாம் சார். ஆனா பேர் மாத்தத் தடையில்லாச் சான்று வேணும். அதுக்கு உங்க பணியாளர்கள் முதல்ல சான்று வாங்கியிருக்கணும்."

"நீ என்ன படிச்சிருக்கம்மா?"

"பயோடெக்னாலஜி சார்."

"படுக்கைக்கும் அதுக்கும்..."

"எனக்குப் பயிற்சி கொடுக்கறதுக்குப் பயிற்சி கொடுத்திருக்காங்க சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாத இறுதிக்குள் சான்று இல்லாவிட்டால் கடையை மூட வேண்டும். வேறு வழி இல்லை. திம்மராயனும் சந்தோஷும் பயிற்சிக்குப் போனார்கள். எதிர்க்கடையிலிருந்து நஞ்சம்மாவின் மருமகள் சுசித்ராவும், களி கிண்டும் முனிசாமியும் போனார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு. பந்தி நடக்கிற ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்களாம். சுற்று வட்டாரத்து டீ மாஸ்டர்கள், பிரியாணி மாஸ்டர்கள், பஜ்ஜி போடுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டில் பக்கத்தில் நின்று தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

பயிற்சியின் பலன் உடனே கடையில் தெரிந்தது. காலையில் நைட் ஷிப்டு முடிந்து வந்து உட்காருகிறவர்கள் முன்னால் சந்தோஷ் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"ஹோட்டல் பொருநை தங்களை அன்புடன் வரவேற்கிறது. என் பெயர் சந்தோஷ். தங்கள் பயணம் இனிதாக இருந்ததா?"

"எந்தப் பயணம்? எதிர்க்க இருக்கற கம்பெனியில இருந்து வர்றேன். சந்தோஷமோ துக்கமோ, ரெண்டு பரோட்டா வை."

"இரவு நன்றாக உறங்கினீர்களா?"

"நைட் ஷிப்டு பாத்துட்டு வர்றவன கேக்குற கேள்வியாடா இது?"

மேசை துடைக்கிற துணியை எல்லாம் அவன் அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தான். மேசைக்கு ஓர் அன்னம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்னம் கலைந்துவிடும் என்று யாரும் அதை எடுத்து மேசையைத் துடைக்கவில்லை. சால்னா காய்ந்துபோன மேசையில் அன்னங்கள் கழுத்தை வளைத்து உட்கார்ந்திருந்தன.

ஒரு சாயங்காலம் திம்மராயன் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஓனரே, செய்முறைப் பரீட்சைய அவங்கவங்க வேலை செய்ற எடத்துலதான் வெப்பாங்களாம். கட்டிலு வேணுமாம்."

"எதுக்குவே கட்டிலு? ஹாலு நடுவுலயா?"

"கட்டிலு இல்லாட்டிப் பெயிலுங்க. பெயிலானா நான் கல்லுகிட்ட நிக்கக் கூடாதாம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

இதைக் கேட்டதும்தான் ரத்தினவேல் கல்லாவை விட்டு எழுந்தார். கடை பூட்டிக் கிடந்தால்கூடத் திறந்துகொள்ளலாம். திம்மராயன் இல்லாத கல்லை வைத்துக்கொண்டு துணிதான் காயப்போடலாம்.

மாடியில் அவர் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. தச்சர் அதை உள்ளேயே வைத்துச் செய்ததால் வாசலில் நுழையவில்லை. பக்கத்தில் கட்டில் வைத்திருப்பது யார் என்று விசாரித்தால், எல்லாரும் ஒரே திசையைக் கை காட்டினார்கள். நஞ்சம்மாவின் கடைக்குப் பின்னால் அவள் வீட்டில் ஓர் இரும்புக் கட்டில் இருந்தது. பரீட்சைக்கு அவளும் அதைத்தான் வைத்திருந்தாள்.

திம்மராயன் தூது போய்விட்டு வந்தார். "குடுக்கறாங்களாம். ஆனா நீங்க வந்து வாயத் தொறந்து கேக்கணுமாம்."

"அவ கடைக்கு நான் போமாட்டேன்."

"அதுக்கு அவங்களும் உங்க கடைக்கு வர மாட்டாங்களாம்."

கடைசியில் இரண்டு பேரும் ரோட்டு நடுவில், டிவைடர் மேல் சந்தித்தார்கள். இரு பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கட்டிலு வேணும்" என்றார் ரத்தினவேல், லாரியைப் பார்த்து.

"ரோட்டுக் குழி அடைக்கவா?" என்றாள் நஞ்சம்மா, இன்னொரு லாரியைப் பார்த்து.

அவர் அடுத்த லாரியைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"ஒரே நாள்லதான் ரெண்டு கடைக்கும் பரீட்சையாம். மொதல்ல உன் கடை. முடிஞ்சதும் கட்டிலு இங்க வரணும். ஒடம்புல கீறல் பட்டா உன்கிட்டதான் கேப்பேன்."

"யாரு ஒடம்புல?"

"கட்டிலு ஒடம்புலய்யா!"

பரீட்சை அன்று, இரண்டு மேசைகளை வெளியே போட்டுவிட்டு ஹால் நடுவில் கட்டிலைப் போட்டார்கள். தேர்வாளராக வந்தவர் ஜெகதீஷ். முனையத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். நடக்கும்போது கூட ஒருங்கிணைத்துக்கொண்டே நடப்பவர். மோகனப்ரியா அவர் பின்னால் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விருந்தினர் எங்கே?" என்றார் ஜெகதீஷ்.

விருந்தினர் ஒருவர் கட்டிலில் இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ரத்தினவேல் சுற்றிலும் பார்த்தார். மூலையில் மாரிசாமி உட்கார்ந்திருந்தார். கடையின் முதல் நாளிலிருந்து வருகிற வாடிக்கையாளர். கம்பெனியில் சூப்பர்வைசர். ரத்தினவேலின் கௌரவத்துக்காக, "அந்தம்மா கடை வாசப்படிய மிதிச்சா நான் மாரிசாமி இல்ல" என்று ஊரறியச் சபதம் போட்டவர். அன்று நைட் ஷிப்டு முடிந்து, பரோட்டாவும் தின்று, கண் சொருகிக்கொண்டிருந்தார்.

"மாரிசாமி, ஒரு அஞ்சு நிமிஷம் அந்தக் கட்டில்ல..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார்.

முதலில் திம்மராயன் விரிப்பு விரிக்க வேண்டும். அவர் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தார். பழக்க தோஷம், ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினார். விரிப்பு மின்விசிறி வரைக்கும் எழும்பிப் பரந்து, காற்றில் ஒரு நொடி நின்று, சுருக்கமே இல்லாமல் மெத்தை மேல் வந்து படிந்தது. ஜெகதீஷ் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"சர்வதேசத் தரம்" என்றார். "இந்த நுட்பம் பாடத்திட்டத்திலேயே இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்."

அப்புறம் மாரிசாமி படுத்தார். சந்தோஷ் தலையணையைச் சரிசெய்தான். 'தொந்தரவு செய்யாதீர்' என்ற அட்டையை மாட்டக் கதவு இல்லாததால், இட்லிப் பானையின் பிடியில் மாட்டினான். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். அதற்குள் மாரிசாமி குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

"முடிஞ்சுது. மாரிசாமி, எந்திரிங்க. கட்டிலு எதிர்ப்பக்கம் போகணும்" என்று ரத்தினவேல் அவர் தோளைத் தொடப் போனார்.

"நிறுத்துங்கள்!" என்றார் ஜெகதீஷ். "உறங்கும் விருந்தினரை எழுப்புவது எதிர்மதிப்பெண். அட்டை வேறு மாட்டியிருக்கிறது."

"அப்ப கட்டில எப்படி சார் கொண்டு போறது?"

ஜெகதீஷ் விதிமுறையைப் புரட்டிப் பார்த்தார். எழுப்பக் கூடாது என்று இருந்தது. தூக்கக் கூடாது என்று இல்லை.

நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்தார்கள். பாகலூர் ரோட்டில் மாரிசாமி படுத்தபடி பவனி வந்தார். கம்பெனி பஸ்கள் நின்றன. உள்ளே இருந்தவர்களில் சிலர் கும்பிட்டார்கள், ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஆந்திரா லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏமயிந்தண்ணா?" என்று, என்ன ஆனது எனத் தெலுங்கில் துக்கமாக விசாரித்தார்.

"பரீட்சண்ணா" என்றார் திம்மராயன்.

டிரைவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ரத்தினவேல் தன் கடை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் பரீட்சை நடந்து முடிந்தது. சுசித்ரா தேறினாள். களி கிண்டும் முனிசாமி தலையணையைக் களி உருட்டுகிற மாதிரி உருட்டியதற்குச் சிறப்புப் பாராட்டு வாங்கினான். எல்லாம் முடிந்தபோது மாரிசாமி தானாகக் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தார். முன்னால் நஞ்சம்மா நின்றிருந்தாள். கட்டிலில் வந்தாலும் கடைக்கு வந்தவர் வந்தவர்தானே. அவள் தட்டில் களியும் காரக்குழம்பும் வைத்துக் கொண்டுவந்தாள். தூக்கக் கலக்கத்தில் அவர் அதைச் சாப்பிட்டார். இன்னொரு உருண்டையும் கேட்டுச் சாப்பிட்டார். இதைத் திம்மராயன் வந்து சொன்னார்.

சாயங்காலம் மாரிசாமி கல்லாவுக்கு வந்து விளக்கம் கொடுத்தார். "நான் வாசப்படிய மிதிக்கல. தூக்கிட்டுப் போனாங்க."

"நா ஒண்ணும் கேக்கலையே" என்றார் ரத்தினவேல்.

"இல்ல, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுன்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அந்தக் கருமம். ஆனா சபதம் சபதம்தான்" என்றார்.

சான்றிதழ்கள் வந்தன. 'திம்மராயன், அறை பராமரிப்பு உதவியாளர், உயர்நிலை.' ரத்தினவேல் அதைக் கண்ணாடி போட்டுக் கல்லுக்கு மேலே மாட்டினார். பரோட்டாப் புகையில் அது மெல்ல மஞ்சளாகட்டும், தொல்லை தீர்ந்தது என்று நினைத்தார்.

அடுத்த வாரம் மோகனப்ரியா வந்தாள். கும்பிட்டாள். உட்காரவில்லை.

"சார், பயிற்சி முடிச்சவங்களை வேலையில அமர்த்தணும். அதுதான் திட்டத்தோட கடைசிக் கட்டம்."

"அவங்க வேலையிலதானம்மா இருக்காங்க? அந்தா, வீசிக்கிட்டு இருக்காரு பாரு."

"அது பயிற்சிக்கு முந்தின வேலை சார். அது கணக்கில வராது. பயிற்சியால கிடைச்ச வேலையா இருக்கணும்."

"அப்ப இன்னைக்கு வேலைய விட்டு நிறுத்திட்டு நாளைக்கு மறுபடி சேத்துக்கிடுதேன்."

"அது மறுபணியமர்வு. புதுப் பணியமர்வுன்னா வேற ஹோட்டலா இருக்கணும்." அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். "மேலிடத்துல ஆணை போட்டுட்டாங்க சார். திம்மராயன், சந்தோஷ் ரெண்டு பேரும் ஹோட்டல் நஞ்சம்மாவுக்கு. சுசித்ரா, முனிசாமி ரெண்டு பேரும் ஹோட்டல் பொருநைக்கு. பக்கத்துலயே இருக்கட்டும்னு நான்தான் கேட்டு வாங்கினேன். இல்லாட்டி சூளகிரிக்குப் போட்டிருப்பாங்க."

"போகலைன்னா?"

"சான்று ரத்து ஆயிடும் சார். சான்று இல்லாட்டி..." அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கும்தான் சார். பணியமர்த்தல் முழுசா வந்தாத்தான் என்னை அடுத்த வருஷம் வெச்சுக்குவாங்க."

ரத்தினவேல் கல்லைப் பார்த்தார். திம்மராயன் கையில் மாவு அப்படியே தொங்கியது. வீசவில்லை.

"ஓனரே, எனக்குக் களி கிண்ட வராதுங்க" என்றார்.

"முனிசாமிக்குப் பரோட்டா வருமா?"

"அவன் சாப்பிட்டே பாத்ததில்லீங்க."

அன்று மத்தியானம் ரத்தினவேல் ஆணைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே போய் டிவைடர் மேல் நின்றார். கொஞ்ச நேரத்தில் நஞ்சம்மாவும் வந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரும் லாரியைப் பார்க்கவில்லை.

"உன் மாஸ்டர வெச்சிக்கிட்டு நான் என்னா பண்ணட்டும்?" என்றாள்.

"உன் மருமவள வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

"மருமவள நீயே வெச்சிக்க. முனிசாமிய விட்டுடு. அவன் இல்லாட்டி எனக்குக் கடையே இல்ல." அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காயிதத்துல என்னான்னு போட்டிருக்கு, சரியா படி."

"ஹோட்டல் பொருநையில் இருந்த திம்மராயன், ஹோட்டல் நஞ்சம்மா எனும் பெயர்ப்பலகை கொண்ட நிறுவனத்தில் பணிபுரிதல் வேண்டும்."

"பலகை கொண்ட?"

"பலகை கொண்ட."

நஞ்சம்மா தன் கடையின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு அவர் கடையின் நெற்றியைப் பார்த்தாள். "ஆளு போனாத்தானே கஷ்டம். பலகை ரெண்டும் ஒரே அளவுதானே?" என்றாள்.

ஒரே அளவுதான். இரண்டையும் எழுதியவர் ஒரே பெயிண்டர்.

ஏணி வந்தது. பொழுது சாய்வதற்குள் ஹோட்டல் பொருநை ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. ஹோட்டல் நஞ்சம்மா இந்தப் பக்கம் வந்தது. திம்மராயன் தன் கல்லின் முன்னாலேயே நின்றார். முனிசாமி தன் களிப் பானையின் முன்னாலேயே நின்றான். ரத்தினவேல் தன் கல்லாவிலும் நஞ்சம்மா தன் அடுப்படியிலும் இருந்தார்கள். ஆணை அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. மோகனப்ரியா ஒவ்வொருவரையும் புதிய பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தாள். முடிந்ததும் முதல் தடவையாக உட்கார்ந்து ஒரு பரோட்டா சாப்பிட்டாள்.

ஜெகதீஷ் வந்து பார்த்து மகிழ்ந்தார். "பணியாளர்கள் புதிய இடத்தில் எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டார்கள்! ஏதோ பல வருஷம் இங்கேயே இருந்தவர்கள் மாதிரி இருக்கிறது." மேற்கொண்டு, பணி நிலைத்தன்மையை ஒரு வருஷம் கண்காணிக்க வேண்டும், அதுவரை எதையும் மாற்றக் கூடாது என்றார். நஞ்சம்மாவின் கட்டிலை மறுபடி ரத்தினவேலின் ஹாலில் போட்டு, மாதிரி அறையாகப் பராமரிக்கச் சொன்னார். அதன் தரத்தை அவரே நேரில் பரிசோதிப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் வந்து பரிசோதித்தார். பரிசோதனை முடிய சாயங்காலம் ஆகும். அதுவரை அட்டை இட்லிப் பானையில் தொங்கும். எழுப்பினால் எதிர்மதிப்பெண் என்பதால் வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

ஊரும் பழகிக்கொண்டது. போனில் ஆர்டர் போடுகிறவர்கள் ஹோட்டல் பொருநையிலிருந்து களி வரவழைத்து, 'திருநெல்வேலியின் பாரம்பரியச் சுவை' என்று ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஹோட்டல் நஞ்சம்மாவின் பரோட்டாவைப் படம் பிடிக்கப் பெங்களூரிலிருந்து கார்கள் வந்தன. கிராமத்துப் பெண்மணி கை மணம் என்று திம்மராயனைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "நன்றாக உறங்கினீர்களா?" என்று கேட்டார்.

ஒரு மத்தியானம் மாரிசாமி இந்தப் பக்கம் வரவில்லை. ரத்தினவேல் எட்டிப் பார்த்தார். எதிர்க்கடையில் முதல் மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் களி. வெளியே வந்து கை கழுவியபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள்.

"என்ன மாரிசாமி, சபதம் என்னாச்சு?" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே ரத்தினவேல் கேட்டார்.

மாரிசாமி ஈரக் கையாலேயே தலைக்கு மேலே காட்டினார். "போர்டப் படிங்க! ஹோட்டல் பொருநை. நான் உங்க கடையிலதான் சாப்பிடுறேன். சாகற வரைக்கும் உங்க கடைதான்!"

ரத்தினவேல் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். ஹால் நடுவில் ஜெகதீஷ் தரத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. மேசைகளில் அன்னங்கள் இருந்தன. திம்மராயன் களி சாப்பிடக் கிளம்பினார். இந்தத் தடவை ரத்தினவேல் குனிந்து சில்லறையை அடுக்கவில்லை.

காற்று இந்தப் பக்கம் அடித்தது.

அவர் கல்லாவைப் பூட்டினார். சந்தோஷிடம் "பாத்துக்கிடுல" என்று கிசுகிசுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவைடரில் நிற்காமல், ரோட்டைக் கடந்தார். தன் கடைப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே போய், மாரிசாமி எழுந்த மேசையில் உட்கார்ந்தார். நஞ்சம்மா களித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

ரத்தினவேல் உருண்டையின் நடுவில் விரலால் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினார். ஓரத்தில் ஒரு விள்ளல் கிள்ளிப் புரட்டி, வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார்.